சின்ன சென்சாரா, பெரிய சென்சாரா? காம்பாக்ட் கேமரா கேள்வி பதில்

காம்பாக்ட் கேமரா (லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா) பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதற்குள் போகவில்லை. குறிப்பிட்டிருக்கும் மாடல்களில் சில இன்று பழைய கேமராவாக மட்டுமே கிடைக்கும்.

கடையில் இரண்டு கேமரா காட்டினார்கள். இரண்டும் 20 மெகாபிக்சல். ஒன்றில் 40 மடங்கு ஜூம், மற்றதில் நாலு மடங்குதான். ஆனால் ஜூம் குறைந்ததற்கே விலை அதிகம் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், திண்டுக்கல்

ஏமாற்று இல்லை. கூடுதல் காசு சென்சாரின், அதாவது லென்ஸ் வழியே வரும் ஒளியைப் பிடித்துப் படமாக்கும் சில்லின், பரப்புக்குப் போகிறது. கேனன் எஸ்எக்ஸ்740 எச்எஸ் போன்ற 40 மடங்கு ஜூம் கேமராக்களில் இருப்பது 1/2.3 அங்குல வகைச் சென்சார். அகலம் 6.17 மி.மீ., உயரம் 4.55 மி.மீ.; பரப்பு 28 சதுர மி.மீ. சட்டைப் பொத்தானுக்குள் அடங்கிவிடும். விலை கூடிய கேமராவில் இருப்பது பெரும்பாலும் 1 அங்குல வகையாக இருக்கும். சோனி ஆர்எக்ஸ்100 வரிசையும் கேனன் ஜி7 எக்ஸ் வரிசையும் இந்த இனம். 13.2 × 8.8 மி.மீ., அதாவது 116 சதுர மி.மீ. முன்னதைப்போல நாலு மடங்கு. இதற்கும் மேலே ரிக்கோ ஜிஆர் 3, ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100வி போன்றவற்றில் ஏபிஎஸ்-சி சென்சார்: 23.5 × 15.6 மி.மீ., 367 சதுர மி.மீ. முதலாவதைப்போல பதின்மூன்று மடங்கு.

மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு டம்ளரையும் ஒரு அண்டாவையும் வையுங்கள். இரண்டிலும் ஒரே உயரத்துக்குத்தான் தண்ணீர் நிற்கும். ஊற்றி அளந்தால்தான் வித்தியாசம் தெரியும். எஃப் எண் (லென்ஸ் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்வது; எண் சிறிதானால் துளை பெரிது) என்பது மழையின் வேகம், ஷட்டர் என்பது பாத்திரத்தை வெளியே வைத்திருந்த நேரம். எஃப்/2.8 எந்தச் சென்சாரிலும் எஃப்/2.8 தான், வெளிச்ச அளவீடு மாறாது. மொத்தமாகச் சேர்ந்த ஒளிதான் மாறுகிறது.

அந்த மொத்தம் ஏன் முக்கியம்? ஒளி துகள்துகளாக வருகிறது, ஒரே சீராக வருவதில்லை. 10,000 துகள் விழவேண்டிய இடத்தில் நூறு கூடும், நூறு குறையும். அது ஒரு சதவீதத் தடுமாற்றம், கண்ணுக்குத் தெரியாது. பதின்மூன்றில் ஒரு பங்கு, சுமார் 770 துகள் மட்டுமே விழுந்தால் தடுமாற்றம் 28. அது 3.6 சதவீதம். படத்தில் மணல் தூவியது போலத் தெரிவது இதுதான். கேமரா அதைத் தேய்த்து மறைக்கப் பார்க்கும்போது புடவை ஜரிகையும் தலைமுடியும் சேர்ந்து வழுவழுவென்று ஆகிவிடுகின்றன.

நல்ல வெயிலில் இரண்டு கேமராவிலும் எடுத்து ஏ4 அளவில் அச்சிட்டால் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது. ஏ4-க்கு 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டியது 8.7 மெகாபிக்சல்தான். வெளியில் பகலில் மட்டுமே படம் எடுப்பவர் என்றால் கூடுதல் காசைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

1 அங்குலச் சென்சாரை ஸ்கேல் வைத்து அளந்தால் 1 அங்குலம் வரவில்லையே?
– வாசகர், ஈரோடு

வராது. பழைய டி.வி. கேமராக்களில் விடிகான் என்ற கண்ணாடிக் குழாய் இருந்தது. அந்தக் குழாயின் வெளிவிட்டத்தைச் சொல்லித்தான் அளவைக் குறிப்பிட்டார்கள். 1 அங்குலக் குழாயில் படம் விழும் பகுதியின் மூலைவிட்டம் 16 மி.மீ. சொச்சம்தான். குழாய் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1/2.3 அங்குலத்தைக் கணக்குப் போட்டால் 11 மி.மீ. வரும், நிஜ மூலைவிட்டம் 7.7 மி.மீ. விளம்பரத்தில் அங்குலத்தைப் பார்க்காதீர்கள், மி.மீ. கணக்கைக் கேளுங்கள்.

கோயில் சிற்பங்களை ஆவணப்படுத்துகிறேன். மண்டபத்துக்குள் ஃப்ளாஷும் ட்ரைபாடும் கூடாது என்கிறார்கள். ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள காம்பாக்ட்தான் சரி என்கிறார் நண்பர். வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

நண்பர் சொல்வது பாதி சரி. சென்சாரை மட்டும் பார்த்து முடிவு செய்தால் தவறிவிடும், முன்னால் இருக்கும் லென்ஸையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒரே மண்டபம், ஒரே தூண், மங்கலான ஒற்றை பல்பு என்று வைத்துக்கொண்டு மூன்று கேமராவை நிறுத்திப் பார்ப்போம். மூன்றும் விரிகோணத்தில், அதாவது ஜூமை நீட்டாத நிலையில். ஷட்டர் வினாடிக் கணக்கில்; ஐஎஸ்ஓ என்பது கிடைத்த ஒளியைக் கேமரா எவ்வளவு தூக்கிக் காட்டுகிறது என்ற எண்.

ரிக்கோ ஜிஆர் 3 (ஏபிஎஸ்-சி, எஃப்/2.8): ஷட்டர் 1/30, ஐஎஸ்ஓ 3200.
சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3 (1 அங்குலம், எஃப்/1.8): ஷட்டர் 1/30, ஐஎஸ்ஓ 1250.
கேனன் எஸ்எக்ஸ்740 (1/2.3 அங்குலம், எஃப்/3.3): ஷட்டர் 1/20-க்கு இறக்கியும் ஐஎஸ்ஓ 3200.

சோனியின் சென்சார் ஏபிஎஸ்-சியில் மூன்றில் ஒரு பங்குதான். அதில் ஐஎஸ்ஓ 1250-ல் வரும் நாய்ஸ் (மேலே சொன்ன மணல் தூவல்), ஏபிஎஸ்-சியில் 4000-ல் வருவதற்கு ஈடு. ஜிஆர் ஓடுவது 3200-ல். கிட்டத்தட்ட சமம். மூன்றாவது கேமராவின் 3200-ஐ அதே கணக்கில் மாற்றினால் 40,000-ஐத் தாண்டுகிறது. முகம் இருக்கும், கண்ணிமை இருக்காது.

இன்னும் விசித்திரமான ஒரு ஜோடி உண்டு. கேனன் ஜி1 எக்ஸ் மார்க் 3-ல் ஏபிஎஸ்-சி சென்சார். ஆனால் ஜூமை நீட்டினால் லென்ஸ் எஃப்/5.6-க்குச் சுருங்கிவிடும். அதே நிறுவனத்தின் ஜி7 எக்ஸ் மார்க் 2-ல் 1 அங்குலச் சென்சார், நீட்டிய நிலையிலும் எஃப்/2.8. இரண்டையும் 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் 72 மி.மீ. லென்ஸுக்குச் சமமான கோணத்தில் வைத்தால் சின்னச் சென்சார் கேமரா அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) முந்துகிறது.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் போதும். லென்ஸின் முகப்பில் நிஜ ஃபோகல் நீளம் (காட்சியை லென்ஸ் எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்பதைச் சொல்லும் மி.மீ. எண்) அச்சிட்டிருக்கும், 35 மி.மீ. ஃபிலிமுக்குச் சமமான எண்ணை எடுக்காதீர்கள். அதை அந்த நிலையின் எஃப் எண்ணால் வகுத்தால் லென்ஸின் துளை விட்டம் கிடைக்கும். ஜி1 எக்ஸ்-ல் 45-ஐ 5.6-ஆல் வகுத்தால் 8 மி.மீ.; ஜி7 எக்ஸ்-ல் அதே கோணத்தில் 26.5-ஐ 2.8-ஆல் வகுத்தால் 9.5 மி.மீ. ஒரே காட்சியை ஒரே கோணத்தில் எடுக்கும்போது எந்தத் துளை பெரிதோ அதுதான் அதிக ஒளியை உள்ளே விடுகிறது. சென்சார்களின் தரம் ஏறக்குறைய ஒன்றானால் நாய்ஸும் இதைப் பொறுத்ததுதான். அடுத்து வரும் பதில்களிலும் இந்த வகுத்தல் திரும்பத் திரும்ப வரும்.

உங்கள் வேலைக்கு எங்கள் தேர்வு எஃப்/1.8-ல் தொடங்கும் 1 அங்குல கேமரா, அல்லது ஜூமே வேண்டாமென்றால் ஜிஆர் 3. மண்டபத்துக்குள் வேலை செய்யும் விதம்:

ஜூமைத் தொடாமல் விரிகோணத்திலேயே நின்று நடந்து நெருங்குங்கள். முதல் ஆர்எக்ஸ்100-ல் விரிகோணத்தில் எஃப்/1.8, முழு ஜூமில் எஃப்/4.9. நீட்டினால் ஒளி ஏழில் ஒரு பங்காகிவிடும். ஆனால் மிக நெருங்கினால் சிலையின் மூக்கும் முழங்காலும் ஊதித் தெரியும். ஒன்றரை மீட்டருக்குக் கிட்டே போகவேண்டாம். கழுத்துப் பட்டையை இறுக்கி, கேமராவை முன்னால் தள்ளிப் பிடித்து, தோளைத் தூணில் சாய்த்துக்கொண்டு, 2 வினாடி டைமரில் தொடர்ச்சியாக நாலு படம் எடுங்கள். பொத்தானை அழுத்தும் விரல்தான் கேமராவை அசைக்கிறது. டைமர் வைத்தால் அது இல்லை. ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி) இருந்தால் 1/15 வரை இறங்கலாம், சிலை அசையப்போவதில்லை. தீபச் சுடர் ஃப்ரேமுக்குள் இருந்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 2/3 ஸ்டாப் குறையுங்கள். ஃபோகஸ் விளக்கை அணைத்துவிடுங்கள், பக்கத்தில் கும்பிடுபவர் முகத்தில் சிவப்பு வெளிச்சம் அடிப்பது நன்றாக இருக்காது.

பிராகாரத்து வெயிலும் உள்தூணின் இருட்டும் ஒரே படத்தில் வரவேண்டிய இடத்தில் மட்டும் பெரிய சென்சாருக்கு மாற்றில்லை. வெயில் வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பில்) எடுத்து, பிறகு இருட்டுப் பகுதியைத் தூக்கினால் ஏபிஎஸ்-சி கல்லின் உளித்தடத்தைத் திருப்பித் தரும். 1/2.3 கேமராவில் அந்த இடத்தில் ஊதா நிறக் கறைதான் வரும். எஸ்எக்ஸ்740-ல் ரா வசதியே கிடையாது.

கூந்தன்குளத்துப் பறவைகளைப் படம் எடுக்கப் பெரிய சென்சார் காம்பாக்ட் வாங்கவேண்டுமா?
– வாசகர், நாங்குநேரி

இங்கே கதை தலைகீழ். ஜிஆர் 3-ஐக் கொண்டுபோனால் குளம் நன்றாக வரும், பறவை வராது.

நிலாவை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். சென்சாரில் விழும் நிலாவின் விட்டம், லென்ஸின் நிஜ ஃபோகல் நீளத்தை ஏறத்தாழ 109-ஆல் வகுத்தால் வரும். ஜிஆர் 3-ன் 18.3 மி.மீ. லென்ஸில் அது 0.17 மி.மீ.; படத்தில் 43 பிக்சல், ஒரு மிளகு. நிஜமாக 72 மி.மீ. (35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 200) வரை நீளும் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-ல் சுமார் 270 பிக்சல். எஸ்எக்ஸ்740-ன் 172 மி.மீ.யில் 1,300 பிக்சல். நிகான் பி1000-ன் 539 மி.மீ.யில் நிலா ஃப்ரேமுக்குள் அடங்காமல் மேலும் கீழும் வெட்டுப்படும். (நிலாவுக்கு எஃப்/6.9, 1/250, ஐஎஸ்ஓ 100 என்று தொடங்குங்கள். ஆட்டோவில் விட்டால் வெள்ளைத் தட்டுதான் வரும்.)

சின்னச் சென்சாருக்கு ஏன் இந்த வசதி? 6 மி.மீ. அகலத்தை நிரப்ப 172 மி.மீ. லென்ஸ் போதும், அதன் துளை 25 மி.மீ. அதே கோணமும் அதே எஃப் எண்ணும் ஏபிஎஸ்-சியில் வேண்டுமென்றால் 640 மி.மீ. லென்ஸும் 93 மி.மீ. துளையும் வேண்டும். சொம்பு வாயளவு கண்ணாடியைச் சட்டைப் பையில் போட முடியாது.

ஆனால் 1,300 பிக்சலும் நிஜ விவரம் என்று நம்பவேண்டாம். கரையிலிருந்து 80 மீட்டரில் நிற்கும் ஒரு மீட்டர் உயர மஞ்சள்மூக்கு நாரை, எஸ்எக்ஸ்740-ன் சென்சாரில் 2.15 மி.மீ. உயரத்துக்கு விழும், சுமார் 1,800 பிக்சல். எஃப்/6.9-ல் ஒரு ஒளிப்புள்ளியே எட்டு பிக்சல் அகலத்துக்குப் பரந்துவிடுவதால் இறகுகளின் வரி கரைந்துபோகும். 1 அங்குலச் சென்சாருள்ள சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4-ல் அதே நாரை 1,140 பிக்சல்தான். ஆனால் லென்ஸ் 220 மி.மீ., எஃப்/4, துளை 55 மி.மீ.; ஒளிப்புள்ளி இரண்டு பிக்சலுக்குச் சற்று மேல். பிக்சல் குறைவு, விவரமோ இரு மடங்கு. எடைதான் ஒரு கிலோவைத் தாண்டுகிறது, 1,095 கிராம். எஸ்எக்ஸ்740 சுமார் 300 கிராம். பறவையின் பெயரைக் கண்டறிந்து பட்டியல் போடுவதுதான் நோக்கம் என்றால் சின்னதே போதும். சுவரில் மாட்டவேண்டுமென்றால் ஆர்எக்ஸ்10.

எதை வாங்கினாலும் காலை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு நீர்ப்பரப்புக்கு மேல் காற்று நெளியத் தொடங்கும். எந்த லென்ஸும் அதைத் தாண்டிப் பார்க்காது. கூட்டில் நிற்கும் நாரைக்கு 1/500, பறக்கும் கூழைக்கடாவுக்கு 1/1000. முழு ஜூமில் பறவையைத் தேடினால் கிடைக்காது. ஜூமைச் சுருக்கிப் பறவையை நடுவில் பிடித்துவிட்டு நீட்டுங்கள்.

மூக்குத்தி, ஜிமிக்கி செய்து இணையத்தில் விற்கிறோம். படத்தில் முன்பக்கக் கல் தெளிவாக இருந்தால் பின்பக்கம் மங்கிவிடுகிறது. இன்னும் பெரிய சென்சார் வாங்கினால் சரியாகுமா?
– வாசகி, நாகர்கோவில்

மோசமாகும்! ஜிமிக்கி ஜோடியை 70 மி.மீ. அகல ஃப்ரேமில் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எஃப்/4-ல் 1/2.3 அங்குல கேமராவில் முன்னும் பின்னுமாகச் சுமார் 6 மி.மீ. தெளிவாக இருக்கும். ஏபிஎஸ்-சியில் அதே எஃப்/4-ல் 2 மி.மீ. கூட வராது, 6 மி.மீ. வேண்டுமென்றால் எஃப்/13-க்கு மூடவேண்டும், அப்போது பத்து மடங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்கவேண்டும். ட்ரைபாட் இருந்தால் அதுவும் பிரச்சினை இல்லை. கையில் பிடித்து எடுப்பவருக்குச் சின்னச் சென்சார்தான் உதவி.

இந்த வேலைக்கென்றே பொருந்துவது ஒலிம்பஸ் டிஜி-6. தண்ணீருக்குள் கொண்டுபோவதற்கென்று செய்த கேமரா, ஆனால் மைக்ரோஸ்கோப் மோடில் லென்ஸுக்கு 1 செ.மீ. முன்னால் இருப்பதையும் ஃபோகஸ் செய்யும். பல ஃபோகஸில் எடுத்த படங்களைத் தானே அடுக்கி முழுத் தெளிவான ஒரே படமாகவும் தரும். 1 செ.மீ.க்குப் போனால் கேமராவின் நிழல் நகைமேல் விழும். ஜூமைக் கொஞ்சம் நீட்டி 8–10 செ.மீ. பின்வாங்கி எடுங்கள்.

வெளிச்சத்துக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. நேர்வெயில் படாத ஜன்னலில் வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டுங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்புறம் நகையிலிருந்து ஒரு சாண் தள்ளி தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள், ஜன்னல் ஒளியும் எல்இடி ஒளியும் கலந்தால் தங்கம் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் பச்சையாகவும் வரும். பளபளக்கும் பரப்பில் கேமராவின் கறுப்பு உருவம் தெரிந்தால், வெள்ளை அட்டையில் லென்ஸ் அளவு ஓட்டை போட்டு அதன் வழியாக எடுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப்/4, 2 வினாடி டைமர்.

எஃப்/8-ல் எடுத்தால் எல்லாம் தெளிவாக வரும் என்று படித்தேன். என் சின்ன கேமராவில் எஃப்/8 வைத்தால் கொடைக்கானல் மலைகள் பஞ்சு போல வருகின்றன.
– வாசகர், பெரியகுளம்

அந்த ஆலோசனை பெரிய சென்சார்களுக்குச் சொன்னது. பள்ளியில் படித்த விளிம்பு விளைவுதான் காரணம். சிறு துளை வழியே போகும் ஒளி பரவுகிறது. பரவலின் விட்டம், பச்சை ஒளிக்கு, மைக்ரோமீட்டரில் எஃப் எண்ணைப்போல 1.34 மடங்கு. எஃப்/8-ல் 10.7. உங்கள் கேமராவின் ஒரு பிக்சல் 1.2 மைக்ரோமீட்டர். ஒரு புள்ளி ஒன்பது பிக்சலை மூடுகிறது. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சியில் பிக்சல் 3.9 மைக்ரோமீட்டர் என்பதால் அங்கே மூன்று பிக்சலுக்குள் முடிந்துவிடும்.

நீங்கள் மூடவேண்டிய அவசியமே இல்லை. எஃப்/3.3-ல், விரிகோணத்தில், ஒரு மீட்டரில் ஃபோகஸ் வைத்தாலே அரை மீட்டர் முதல் கடைசி மலை முகடு வரை தெளிவாக விழும். ஜிஆர் வைத்திருப்பவர்கள் எஃப்/8-ல் ஸ்னாப் ஃபோகஸை (முன்பே குறித்த தூரத்தில் ஃபோகஸை நிறுத்தும் வசதியை) 2 மீட்டரில் வைத்தால் ஒரு மீட்டர் முதல் தொடுவானம் வரை கிடைக்கும். தெருவில் எடுப்பவர்கள் ஃபோகஸுக்குக் காத்திராமல் சுடுவது இப்படித்தான்.

பின்னணி மங்கிய உருவப்படத்துக்கு எது?
– வாசகர், வேலூர்

அதே வகுத்தல். நீட்டிய ஜூமில் ஜி7 எக்ஸ் மார்க் 2: 36.8 ÷ 2.8 = 13 மி.மீ. எக்ஸ்100வி: 23 ÷ 2 = 11.5. ஜிஆர் 3எக்ஸ்: 9.3. முதல் ஆர்எக்ஸ்100: 7.6. எண் பெரிதானால் தூரத்துப் பின்னணி கூடுதலாகக் கரையும். ஆளைச் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் முன்னால் நகர்த்துவது எந்த கேமராவையும் விட மலிவான வழி.

நல்ல போன் இருக்கும்போது காம்பாக்ட் தேவையா?
– வாசகர், சிவகாசி

ஐந்து மடங்குக்குக் குறைவான ஜூம் உள்ள 1/2.3 கேமரா தேவையில்லை. இன்றைய நல்ல போன்களின் முதன்மைச் சென்சார் அதைவிடப் பெரியது. போதாக்குறைக்குப் போன் பல படங்களை அடுக்கி நாய்ஸைக் குறைக்கிறது. நீண்ட ஜூம், தண்ணீருக்குள், மிக நெருக்கம் ஆகிய மூன்றுக்கு மட்டும் சின்னச் சென்சாரை வாங்குங்கள்.

கல்லூரியில் எல்லோரும் பழைய சிசிடி டிஜிகேம் வாங்குகிறார்கள். 'ஃபிலிம் கலர்' வருமாம். பழைய பொருள் கடையில் வாங்கும்போது என்ன பார்க்கவேண்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

கலர் சிசிடி-யால் (பழைய வகைச் சென்சாரால்) மட்டும் வருவதில்லை. அந்தக் காலத்து ஜேபெக் செயலாக்கமும், முகத்தில் நேராக அடிக்கும் ஃப்ளாஷும் சேர்ந்த பலன் அது. ஐஎஸ்ஓ 200-க்கு மேல் போனால் அழகு முடிந்துவிடும். பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

முதலில் மெமரி கார்டு. மிகப் பழைய மாடல்கள் சாதாரண எஸ்டி கார்டை மட்டுமே படிக்கும், அதன் உச்சம் 2 ஜிபி. எஸ்டிஎச்சி என்று போட்டிருந்தால் 32 ஜிபி வரை. பழைய ஒலிம்பஸ், ஃபுஜிஃபில்ம் பலவற்றில் எக்ஸ்டி கார்டு; அந்தக் கார்டு இப்போது கிடைப்பதே கஷ்டம். கார்டோடு கொடுத்தால் மட்டும் வாங்குங்கள். பேட்டரி ஏஏ அளவாக இருந்தால் நிம்மதி, ரீசார்ஜ் செய்யும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல் போடலாம். தனி பேட்டரி என்றால் உப்பியிருக்கிறதா என்று மேசைமேல் வைத்துச் சுழற்றிப் பாருங்கள், சுழன்றால் உப்பியிருக்கிறது.

பிறகு ஐந்து முறை ஆன், ஆஃப். மூக்கு (லென்ஸ் குழல்) நீளும்போது கறகறவென்றால் உள்ளே மணல். லென்ஸுக்குள் டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள், சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை. லென்ஸைக் கையால் மூடி நீண்ட ஷட்டரில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். எரியும் பிக்சல்கள் தெரிந்துவிடும். விளக்கைப் படத்தில் வைத்தால் மேலிருந்து கீழாக ஒரு வெளிச்சக் கோடு வருகிறதா? அது சிசிடி-யின் இயல்பு, பழுது இல்லை. ஆனால் முழுப் படமும் ஊதாவாகவோ வரிவரியாகவோ திரிந்தால் விட்டுவிடுங்கள். 2000-களின் முற்பாதியில் வந்த ஒரு தொகுதி சிசிடி-க்களில் இந்தக் கோளாறு இருந்தது. வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தின. 2005 வாக்கில் பல நிறுவனங்கள் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தன. அந்த இலவசம் இப்போது கிடையாது.

பெரிய சென்சார் காம்பாக்ட் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. வானத்தை எடுத்தால் ஒரே இடத்தில் சாம்பல் நிறப் புள்ளி. லென்ஸைத் துடைத்தும் போகவில்லை.
– வாசகர், தூத்துக்குடி

புள்ளி லென்ஸில் இல்லை, சென்சார் மேல் உட்கார்ந்திருக்கும் தூசி. லென்ஸ் கழலாத கேமராவுக்குள் தூசி போகாது என்று நினைப்பது இயல்பு. ஆனால் மூக்கு நீண்டு சுருங்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு துருத்தி போலக் காற்றை இழுக்கிறது, காற்றோடு தூசியையும். நீளும் லென்ஸ் உள்ள ஜிஆர் வரிசையிலும் ஜூம் காம்பாக்ட்டுகளிலும் இது தெரிந்த தொல்லை.

உறுதி செய்ய: எஃப் எண்ணை அதிகபட்சத்துக்கு, எஃப்/16 இருந்தால் அதற்கு, கொண்டுபோங்கள். ஐஎஸ்ஓ 100. ஃபோகஸை மேனுவலில் கிட்டே வைத்து, வெள்ளைச் சுவரைக் கேமராவை மெல்ல ஆட்டிக்கொண்டே எடுங்கள். சுவர் கலங்கிவிடும், புள்ளி கலங்காது. எஃப்/2.8-ல் மீண்டும் எடுங்கள், புள்ளி மறைந்திருக்கும். துளை அகலமாக இருக்கும்போது தூசியின் நிழல் பரவிக் கரைந்துவிடுகிறது. சின்னச் சென்சாரில் இதே தூசி இன்னும் பெரிதாகத் தெரியும்: 30 மைக்ரோமீட்டர் துகள் 6 மி.மீ. அகலத்தில் அரை சதவீதம், 23.5 மி.மீ. அகலத்தில் அதில் நாலில் ஒரு பங்கு.

மெனுவில் தூசி நீக்கும் வசதி இருந்தால் கேமராவை முகம் கீழே இருக்கும்படி பிடித்து மூன்று நான்கு முறை ஓட்டுங்கள். வாயால் ஊதுவது, ஏர் ஸ்ப்ரே அடிப்பது இரண்டும் வேண்டாம், வெளியே இருப்பதையும் உள்ளே தள்ளும். வேக்யூம் கிளீனரை லென்ஸ் வாயில் வைத்து உறிஞ்சுபவர்களும் உண்டு. மூக்கின் பற்சக்கரம் நழுவினால் பழுதுச் செலவு தூசியைவிடப் பல மடங்கு. போகவில்லை என்றால் சர்வீசில் பிரித்துத்தான் எடுக்கவேண்டும். அதுவரை எஃப்/4, எஃப்/5.6-ல் எடுங்கள். வெயில் அதிகமானால் ஜிஆர் 3-லும் எக்ஸ்100வி-யிலும் உள்ளேயே இருக்கும் என்டி ஃபில்டரை (ஒளியைக் குறைக்கும் வடிகட்டியை) போட்டுக்கொள்ளலாம், எஃப் எண்ணை மூடவேண்டியதில்லை.

கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்று: கேமராவைத் தோல் உறையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு, கூடவே சின்ன ஈரப்பதமானி ஒன்றையும் வையுங்கள். 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் சரி. கடற்கரையில் மணல் பறக்கும்போது கேமராவை அணைத்து மூக்கை உள்ளே இழுத்துவிட்டுத்தான் பையில் போடவேண்டும்.

இரண்டும் வாங்க வசதி இல்லை. ஒன்றே ஒன்று, குடும்ப விசேஷம், சுற்றுலா எல்லாவற்றுக்கும்?
– வாசகர், மன்னார்குடி

24–100 அல்லது 24–70 மி.மீ. (35 மி.மீ. ஃபிலிமுக்குச் சமமான எண்), எஃப்/1.8–2.8 லென்ஸுள்ள 1 அங்குல காம்பாக்ட். பழையதாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, மேலே சொன்ன வெள்ளைச் சுவர் சோதனையைக் கடையிலேயே செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.